மொட்டைமாடி டிஷ்ஷும் ‘சிக்னல் இல்லை’யும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஈரோட்டிலிருந்து

எங்கள் வீட்டு டிஷ்ஷுக்கு வந்த கோளாறு ஒரு தினுசானது. படம் அடியோடு போகவில்லை. சில சேனல்கள் பளிச்சென்று தெரியும். சிலவற்றுக்குப் போனால் ‘சிக்னல் இல்லை’ என்று கறுப்புத் திரை. மழைக்கும் காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போகிற சேனல் எப்போதும் போகும், வருகிற சேனல் எப்போதும் வரும். சந்தா தீர்ந்துவிட்டதோ என்று அப்பா கேட்டார். சந்தா தீர்ந்தால் திரையில் வருகிற வாசகம் வேறு.

பார்க்க வந்த பணியாளர் மாடிக்கே ஏறவில்லை. ரிமோட்டில் எதையோ அழுத்திப் பார்த்துவிட்டு, பாக்ஸ் போய்விட்டது, புதியது வாங்கிவிடுங்கள் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கெட்டுப்போன பாக்ஸுக்கு ஆள் பார்த்து, சேனல் பார்த்துக் கெடத் தெரியுமா என்ன?

எங்கள் பாக்ஸின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு சேனலும் எந்த அலைவரிசையில் வருகிறது, அந்த அலை அசைவது கிடைமட்டமா செங்குத்தா என்று காட்டும். ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தெரியாத சேனல்கள் அத்தனையும் ‘எச்’, அதாவது கிடைமட்டம். தெரிகிறவை எல்லாம் ‘வி’, செங்குத்து. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்குத் தனியாக மின்சாரம் கிடையாது. படம் இறங்கி வருகிற அதே கேபிளில்தான் பாக்ஸ் அதற்கு மின்சாரத்தை மேலே அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் செங்குத்து அலைகளை வாங்கித் தரும், 18 வோல்ட் போனால் கிடைமட்ட அலைகளை. வழியில் தடையோ கசிவோ இருந்து 18 வோல்ட் முழுசாகப் போய்ச் சேராவிட்டால் எல்.என்.பி. செங்குத்திலேயே நின்றுவிடும். அப்புறம் கிடைமட்டச் சேனல் ஒன்றும் வராது.

எங்கள் வீட்டில் மாடி கட்டியபோது கொத்தனார் கேபிளை வெட்டி, பிறகு முறுக்கிச் சேர்த்து, கறுப்பு நாடா சுற்றியிருந்தார். சன்ஷேடுக்கு மேலே இருந்த அந்த முடிச்சைப் பிரித்தால், உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. கேபிளை முழுதாக மாற்றியதும் எல்லாச் சேனலும் வந்துவிட்டன. பாக்ஸ் இன்றைக்கும் அதேதான்.

உங்கள் வீட்டுக் கதைகளையும் எழுதுங்கள். எப்போது போனது, எந்தெந்தச் சேனல் போனது என்பதைச் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

கும்பகோணத்திலிருந்து

டிவி பழுது பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். இப்போது கடை மகனிடம். ஈரோட்டுத் தம்பி சொன்னது சரி. ஆனாலும் பாக்ஸை முழுதாக விடுதலை செய்துவிட வேண்டாம். அடாப்டர் தளர்ந்தாலும், உள்ளே கெபாசிட்டர் உப்பினாலும் இதே அடையாளம்தான் காட்டும். பிரித்தறிய எளிய வழி: பாக்ஸை டிவியோடு மாடிக்கே தூக்கிப்போய், ஒரு கெஜம் புதுக் கேபிளில் நேராக எல்.என்.பி.யோடு இணைத்துப் பாருங்கள். அங்கே எல்லாம் வந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. அங்கேயும் வராவிட்டால் பாக்ஸோ எல்.என்.பி.யோதான் குற்றவாளி. இந்தச் சோதனைக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

இந்தத் தொழிலில் மறக்க முடியாத காலம் 2010 ஜூலை. இன்சாட்-4பி என்ற நம் நாட்டுச் செயற்கைக்கோளின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றில் கோளாறு வந்து, 7ஆம் தேதி அதன் டிரான்ஸ்பாண்டர்களில், அதாவது சேனல்களை வாங்கிக் கீழே அனுப்பும் கருவிகளில், பாதியை அணைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகள் பார்த்துக்கொண்டிருந்த சேவை அதில்தான் இருந்தது. அதைப் பக்கத்திலிருந்த மீசாட்-3க்கு மாற்றினார்கள். பழையது 93.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேலே, புதியது 91.5க்கு மேலே. இரண்டே பாகை வித்தியாசம். மாடியில் நின்று பார்த்தால் டிஷ்ஷை ஓர் விரற்கடை நகர்த்துவதுதான். ஆனால் 60 செண்டிமீட்டர் டிஷ்ஷுக்கு அந்த இரண்டு பாகை வேறு உலகம். தெருத்தெருவாக, மாடி மாடியாக ஏறி இறங்கினோம். நம் வீட்டுப் பெட்டியில் எந்தக் குறையும் இல்லாமல், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் ஏற்பட்ட பழுதுக்காக என் முழங்கால் தேய்ந்தது அப்போதுதான்.

இன்றும் பலர் செய்வது, படம் போனால் முதல் வேலையாக டிஷ்ஷைப் பிடித்துத் திருப்புவது. அதைச் செய்யவே செய்யாதீர்கள். கம்பமும் திருகுகளும் ஆடாமல் இருந்தால் டிஷ் தானாகத் திரும்பியிருக்க வாய்ப்பில்லை. முதலில் பாக்ஸுக்குப் பின்னாலும் எல்.என்.பி.யிலும் இருக்கும் கனெக்டர்களைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்திருக்கிறதா, வலைக்கம்பியின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். கழற்றுவதற்கு முன் பாக்ஸின் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள்.

கேபிள் எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டுக் கட்ட வேண்டும். மழைநீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிப் போய்விடும். வளையம் இல்லாவிட்டால் தண்ணீர் கேபிள் வழியே நடந்து, கனெக்டருக்குள்ளோ வீட்டுச் சுவருக்குள்ளோ போய்ச் சேரும். இந்த ஒரு வளையத்தைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்களால்தான் எனக்குப் பாதிப் பிழைப்பு நடந்தது.

வால்பாறையிலிருந்து

எங்களுக்கு ஆனி, ஆடி என்றால் தொலைக்காட்சி ஓய்வெடுக்கும் மாதங்கள். முதலில் படம் கட்டம் கட்டமாக உடையும், குரல் விக்கும், பிறகு திரை நின்றுவிடும். மழை குறைந்ததும் தானாக வரும். இதற்கு ஆளை அழைத்துப் பயனில்லை. நம் டிடிஎச் சேவைகள் ‘கேயூ பேண்ட்’ அலைகளில் வருகின்றன. அந்த அலைகளைப் பெரிய மழைத்துளிகள் விழுங்கிவிடும். மூடுபனி அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனியிலும் எங்கள் வீட்டில் கிரிக்கெட் ஓடியிருக்கிறது.

வீட்டில் ஒரு சொட்டு இல்லை, படம் மட்டும் போகிறது என்று சிலர் குழம்புவார்கள். டிஷ் பார்க்கும் திசையில் சற்றுத் தள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தூறலுக்கே படம் போகிறது என்றால்தான் டிஷ்ஷைச் சந்தேகப்பட வேண்டும். வெயில் நாளிலேயே சிக்னல் தரம் விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். தூறல் அதைத் தள்ளிவிடும். வானம் தெளிந்திருக்கும்போது பாக்ஸில் காட்டும் தரத்தின் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அது குறைந்திருந்தால் எங்கேயோ ஏதோ நகர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது.

பல்லடத்திலிருந்து

எங்களுக்கு மழை பிரச்சினை இல்லை, மயில். டிஷ்ஷின் மேல் விளிம்பில் வந்து உட்காரும். ஒரு மயில் என்றால் பரவாயில்லை. இரண்டாவதும் வந்து இடத்துக்குச் சண்டை போடும்போது கம்பமே ஆடுகிறது. விரட்டினால் எல்.என்.பி. கையின் மேல் தாவிப் போகும். திருகுகளை எவ்வளவு முறுக்கினாலும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். தேசியப் பறவையை என்ன செய்ய முடியும்? கடைசியில் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையால் முட்டுக் கொடுத்து, போல்ட்டுகளுக்கு இரட்டை நட்டுப் போட்டோம். மயில் இப்போதும் உட்காருகிறது. டிஷ் அசைவதில்லை.

தூத்துக்குடியிலிருந்து

உப்புக்காற்று. வேறு என்ன எழுத? நட்டும் போல்ட்டும் சேர்ந்து ஒரே துருக்கட்டியாகிவிடுவதால் டிஷ்ஷைச் சரிசெய்யக்கூட முடிவதில்லை. எவர்சில்வர் போல்ட் போட்டு கிரீஸ் தடவுகிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள், மிச்சமிருந்த சில்வர் பெயிண்டைத் துருப்பிடித்த டிஷ்ஷுக்கு அடித்துக் கொடுத்தார்கள். நல்ல மனசுதான். எல்.என்.பி.யின் முகத்திலிருந்த பிளாஸ்டிக் மூடிக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். சில்வர் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள். அலை உள்ளே நுழைய வேண்டிய வாசலையே உலோகத்தால் அடைத்தாகிவிட்டது. பொங்கல் சிறப்பு நிகழ்ச்சிகள் அந்த வீட்டில் ஓடவில்லை.

சென்னையிலிருந்து

அம்மாவுக்கு வருகிற சந்தேகங்களில் பாதி உண்மையாகிவிடும். மார்ச் மாதத்தில் ஒரு நாள், தினமும் பதினொன்றரைக்குள் படம் போய்ப் போய் வருகிறது, யாரோ வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றார். நான் வீட்டிலிருந்து வேலை செய்த நாளில் கவனித்தேன். முற்பகல் 11 மணி தாண்டியதும் தரத்தின் அளவு மெல்ல இறங்கியது, சில நிமிடம் படம் இல்லை, பிறகு பழையபடி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

செய்தது சூரியன்தான். எங்கள் வீட்டில் டிடி ஃப்ரீ டிஷ், 93.5 பாகையில் உள்ள ஜிசாட்-15ஐப் பார்க்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும், டிஷ்ஷிலிருந்து பார்க்கும்போது சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனும் ரேடியோ அலைகளை இறைப்பதால், கோளிலிருந்து வரும் மெல்லிய சிக்னல் அந்த இரைச்சலில் அமிழ்ந்துவிடும். சில நாட்கள், சில நிமிடங்கள். வேறு கோளைப் பார்க்கிற டிஷ்ஷுக்கு நேரம் மட்டும் மாறும்.

இதில் ஒரு லாபமும் உண்டு. அந்த நிமிடங்களில் மாடிக்குப் போய் டிஷ்ஷின் மேல் நிழல் விழுகிறதா என்று பாருங்கள். வெயில் முழுதாக விழுந்தால் கோளுக்கும் டிஷ்ஷுக்கும் இடையே எதுவும் குறுக்கே இல்லை. மரத்தின் நிழலோ தண்ணீர்த்தொட்டியின் நிழலோ விழுந்தால், ஆண்டு முழுவதும் மறைப்பது அதுதான். எங்கள் அடுக்குமாடியில் இப்படித்தான், டிஷ் கம்பத்தில் கட்டியிருந்த கொடிக்கயிறும் அதில் தொங்கிய ஈரப் போர்வையும் பிடிபட்டன.

பட்டுக்கோட்டையிலிருந்து

2018 நவம்பரில் கஜா அடித்த பிறகு, மின்சாரம் வரும்வரை டிவியைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. தென்னையே போய்விட்டது, டிஷ் எந்த மூலைக்கு. மின்சாரம் வந்த பின் ஊரில் பலரும் கீழே விழுந்த டிஷ்களை எடுத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். எவ்வளவு தேடினாலும் சிக்னல் நிற்கவில்லை. வளைவு கெட்டால் அலைகள் ஒரு புள்ளியில் குவியாது. தட்டி நிமிர்த்திய டிஷ் கோழிக்குத் தண்ணீர் வைக்கத்தான் ஆகும். தட்டு புதிதாக வாங்குங்கள், எல்.என்.பி. உடையாமல் இருந்தால் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

மேலூரிலிருந்து

கும்பகோணம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரை ஒட்டி அடுத்த வீட்டுக்காரர்களின் வேப்பமரம். மாசியில் இலை உதிர்ந்து நிற்கும்போது படம் அருமையாக வருகிறது. சித்திரையில் தழைத்ததும் காற்றடித்தால் கட்டம் கட்டமாக உடைகிறது. ஆள் வந்து பார்த்துவிட்டு எல்.என்.பி. மாற்றச் சொன்னார், மாற்றியும் அப்படியே. கிளையை வெட்டக் கேட்டால் அந்த வீட்டுப் பெரியம்மா, மாரியாத்தா மரம், தொடக்கூடாது என்கிறார். எங்கள் சேவை 108.2 பாகையில் உள்ள கோளிலிருந்து வருகிறது.

கும்பகோணத்திலிருந்து

பெரியம்மாவோடு வம்பு வேண்டாம், டிஷ்ஷை நகர்த்துங்கள். 93.5 பாகைக் கோள் உங்கள் ஊரிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய 69 பாகை உயரத்தில், தலைக்கு மேலேயே நிற்கும். மரம் அவ்வளவாக மறைக்காது. 108.2இல் உள்ளது இன்னும் கிழக்கே தள்ளி, சுமார் 53 பாகை உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் கிழக்குப் பக்கத்து மரம் உங்களைத்தான் பிடிக்கும். மரத்தின் உச்சி டிஷ்ஷைவிடப் பத்து அடி உயரம் என்றால், மரத்தின் ஓரத்திலிருந்து குறைந்தது எட்டு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மரம் வளரும் என்பதால் பன்னிரண்டு அடி வைத்துக்கொள்ளுங்கள். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் தட்டு பார்க்கிற கோணத்தைவிட மேலேதான் அதன் பார்வை போகும். தட்டைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

மேலூரிலிருந்து

நன்றி ஐயா. மேற்கு மூலையில் மாடிப்படி அறையின் கூரை இருக்கிறது, அங்கே வைத்துவிடலாம். இருக்கிற கேபிள் எட்டாது. பழைய கேபிளோடு இருபது அடி சேர்த்து ஒட்டினால் போதுமா?

ஈரோட்டிலிருந்து

நான் எழுதியதை மறுபடியும் படியுங்கள் அண்ணா. ஒட்ட வேண்டாம், டிஷ்ஷுக்குப் போடுகிற ஆர்.ஜி.-6 கேபிளை ஒரே துண்டாக வாங்கி இழுங்கள்.