புது பெல்ட் போட்டும் கீச்சொலி நிற்கவில்லை: டென்ஷனரை எப்படி உறுதி செய்வது?

கேள்வி

வணக்கம். 1,10,000 கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காரில், காலையில் எஞ்சினை இயக்கியதும் சிட்டுக்குருவி கத்துவதைப் போல விட்டு விட்டு ஒரு கீச்சொலி வருகிறது. ஆல்டர்னேட்டரையும் (பேட்டரிக்கு மின்சாரம் தரும் கருவி) ஏசி கம்ப்ரசரையும் ஓட்டும் பெல்ட் பழசாகிவிட்டது என்று சொல்லி மெக்கானிக் ஒருவர் மூன்று வாரங்களுக்கு முன் புதிய பெல்ட்டை மாட்டிக் கொடுத்தார். நான்கு நாட்கள் சத்தம் இல்லை; ஐந்தாம் நாள் திரும்ப வந்துவிட்டது. இப்போது ஏசி கம்ப்ரசர் இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஒரு தட்டலும் சேர்ந்து கேட்கிறது.

பானெட்டைத் திறந்து பார்த்தபோது, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கையில், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கை ஓரிடத்தில் நில்லாமல் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. மூன்றே வாரமான பெல்ட்டின் ஒரு விளிம்பில் நூல் பிரிந்து தொங்குகிறது. பெல்ட்டை மறுபடியும் மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். பழுது டென்ஷனரில்தான் என்பதை நானே உறுதி செய்துகொள்ள வழி உண்டா? அப்படியானால் அதிலுள்ள புல்லியை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி 1

பெல்ட்டை இன்னொரு முறை மாற்றுவதால் பயன் இருக்காது. புதிய பெல்ட்டில் நான்கு நாட்கள் சத்தம் அடங்கியிருந்ததே அதற்குச் சான்று: புது ரப்பரின் பிடிப்பு குறையைச் சில நாட்கள் மறைத்தது, அவ்வளவுதான்.

முதலில் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது, கையையும் சட்டை நுனியையும் தள்ளியே வைத்துக்கொண்டு, தெளிப்பானால் பெல்ட்டின் வரியுள்ள பக்கத்தில் சிறிதளவு தண்ணீரைப் பீய்ச்சுங்கள். சத்தம் சில நொடிகள் மறைந்து திரும்ப வந்தால், புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை என்று பொருள். மாறாக, தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால், பெல்ட்டுக்குப் போதிய இறுக்கம் இல்லாமல் அது வழுக்குகிறது. இரண்டுக்குமே டென்ஷனர் காரணமாக இருக்கலாம்; ஆனால் தேட வேண்டிய இடம் வேறு.

டென்ஷனரின் வேலை பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது மட்டுமன்று. எஞ்சினின் ஒவ்வொரு எரிப்பும் கிராங்கை (எஞ்சினின் சுழல் தண்டை) ஒரு முறை உதைக்கிறது. அந்த உதை பெல்ட்டில் அதிர்வாக ஓடுகிறது. டென்ஷனருக்குள், கை சுழலும் அச்சைச் சுற்றி வளையமாக இருக்கும் உராய்வு புஷ்தான் அந்த அதிர்வை விழுங்குகிறது. புஷ் தேய்ந்தால் இரண்டு கேடுகள் நேரும். அதிர்வை அடக்க ஆளில்லாமல் கை ஆடும். அதோடு, கை தன் அச்சில் சற்றே சாய்வதால் புல்லியும் சாய்ந்து பெல்ட்டை ஓரத்துக்குத் தள்ளும். உங்கள் பெல்ட்டின் விளிம்பில் தொங்கும் நூல் இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, டென்ஷனரின் கை சுழலும் அச்சைச் சுற்றிலும் விளக்கடித்துப் பாருங்கள். செம்பழுப்பான துருப்பொடியோ பளபளக்கும் உலோகத் தூளோ படிந்திருந்தால் உள்ளே தேய்மானம் இருக்கிறது. பிறகு ஸ்பேனரால் கையை மெதுவாகத் திருப்பி, அதே மெதுவோடு திரும்ப விடுங்கள். நல்ல டென்ஷனர் இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்போடு நகரும். நடுவில் சிக்குவதும், மணல் அரைபடுவதுபோல உணர்த்துவதும், எதிர்ப்பே இல்லாமல் 'படார்' என்று திரும்புவதும் பழுதின் அடையாளங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரியே. ஆனால் கை ஆடுகிறது என்பதற்காக மட்டும் டென்ஷனரைக் குற்றவாளியாக்க வேண்டாம். பல கார்களில் ஆல்டர்னேட்டரின் புல்லி ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறுதிசையில் தனியாகச் சுழலும் வகையைச் சேர்ந்தது. அது இறுகிப்போனால், எஞ்சின் வேகம் ஏறி இறங்கும்போதெல்லாம் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் கனமான ரோட்டர் பெல்ட்டை இழுக்கும். அந்த அடி முழுவதும் டென்ஷனரின் கையில்தான் விழும். இதைக் கவனிக்காமல் புதிய டென்ஷனரைப் பொருத்தினால், அதுவும் ஆயுள் முடியும் முன்பே போய்விடும்.

பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஆல்டர்னேட்டர் புல்லியைக் கையால் இருபுறமும் திருப்புங்கள். ஒரு பக்கம் ரோட்டரும் கூடவே சுற்ற வேண்டும் அல்லது ஸ்பிரிங்கை முறுக்குவதுபோன்ற எதிர்ப்பு தெரிய வேண்டும். மறுபக்கம் புல்லி மட்டும் சுற்ற வேண்டும். இரு பக்கமும் ரோட்டர் சேர்ந்தே சுற்றினால், உங்கள் காரில் சாதாரணப் புல்லிதான் இருக்க வேண்டுமா என்பதைக் கையேட்டில் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிராங்க் புல்லியையும் விட்டுவிடாதீர்கள். அதன் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது. அந்த ரப்பர் வெடித்தோ பிதுங்கியோ இருந்தால், எஞ்சின் ஓடும்போது வெளிவளையம் தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தண்ணீர் தெளித்ததும் சத்தம் ஐந்தாறு நொடிகள் நின்று திரும்பியது. டென்ஷனரின் அச்சைச் சுற்றி மஞ்சள் தூளைக் கரைத்துப் பூசியதுபோலத் துருக்கறை வழிந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி டென்ஷனர் புல்லியைச் சுண்டிவிட்டேன். வறண்ட இரைச்சலோடு நெடுநேரம் நிற்காமல் சுற்றியது. நன்றாகச் சுற்றுவதால் அதன் பேரிங் நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாமா? ஆல்டர்னேட்டர் புல்லி நீங்கள் சொன்னபடியே ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் விடுகிறது. கிராங்க் புல்லியில் தள்ளாட்டம் இல்லை.

மறுமொழி 1

இல்லை, அது பேரிங்கில் கிரீஸ் வற்றியதன் அடையாளம். கிரீஸ் நிறைந்த பேரிங் சுண்டினால் சில சுற்றுகளில் சத்தமின்றி நின்றுவிடும். புஷ், பேரிங் இரண்டுமே போயிருப்பதால் முழு டென்ஷனரையும் மாற்றுங்கள். புல்லியை மட்டும் மாற்றினால் இரைச்சல் போகும், சாய்வு போகாது. விளிம்பு பிரிந்த அந்த பெல்ட்டையும் கூடவே மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள்: 6பிகே1750 என்று இருந்தால் 6 வரிகள், 1750 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஆல்டர்னேட்டரின் மின்முனை ஸ்பேனர் படும் தொலைவில்தான் இருக்கும். பெல்ட் எந்தப் புல்லிக்கு மேலாகவும் எதற்குக் கீழாகவும் போகிறது என்பதை, பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் படத்திலிருந்தோ கையேட்டிலிருந்தோ ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பி இறங்கியவர்கள் பாதி நாளைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

புதிய டென்ஷனர் பெரும்பாலும் கையை மடக்கி, ஒரு பின் (பூட்டு ஊசி) செருகப்பட்ட நிலையில் வரும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கி, பெல்ட்டை எல்லாப் புல்லிகளிலும் ஏற்றும் வரை அந்தப் பின்னை உருவக் கூடாது. உருவும்போதும் ஸ்பேனரால் கையைத் தாங்கிக்கொண்டு, எடுத்த பின் மெதுவாக விடுங்கள். படாரென்று விட்டால் விரலும் போகும், புதிய புஷ்ஷும் அடிபடும். பின் இல்லாமல் வந்தால் பெல்ட்டை மாட்டும்போது கையை ஸ்பேனரால் திருப்பிப் பிடிக்க ஓர் ஆள் துணை வேண்டியிருக்கும்.

மறுமொழி 3

ஒன்றைச் சேர்க்கிறேன். டென்ஷனரின் பின்புறத்தில் ஒரு சிறு முளை இருக்கும். அது எஞ்சின் பக்கத்துத் துளைக்குள் உட்கார வேண்டும். முளை உட்காராமலேயே போல்ட்டை முடுக்கிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. துளையைத் துருவும் அழுக்கும் இல்லாமல் துடைத்துவிட்டு, டென்ஷனர் ஆடாமல் ஒட்டி உட்கார்ந்ததைக் கையால் அழுத்திப் பார்த்த பிறகே முடுக்குங்கள். சத்தத்தை அடக்க பெல்ட்டில் எண்ணெயோ ஸ்பிரேயோ அடிக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று வேலை முடிந்தது. பழைய டென்ஷனரையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பழையதன் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் புல்லி கண்ணுக்குத் தெரியும்படி சாய்கிறது. புதியதில் இம்மியும் அசைவில்லை.

கடைசி மறுமொழியைப் படிக்காமல் இறங்கியிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன். முதல் முறை போல்ட்டைக் கையால் ஏற்றியபோது முளை துளைக்குள் போகவில்லை. அடிப்பக்கத்தில் நகம் நுழையும் இடைவெளி இருந்தது. கழற்றிப் பார்த்தால் துளைக்குள் மண் இறுகிக் கிடந்தது. சுரண்டி எடுத்த பிறகு 'கிளிக்' என்று உட்கார்ந்தது. பெல்ட்டின் வரிகள் எல்லாப் புல்லிகளின் பள்ளங்களிலும் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்து, கிராங்கை ஸ்பேனரால் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே எஞ்சினை இயக்கினேன்.

இன்று காலைக் குளிரில் கீச்சொலி இல்லை. ஏசியைப் போட்டபோது டென்ஷனரின் கை ஒரு முறை சற்றே இறங்கி நின்றுவிட்டது.