பழைய ஏடிவி வண்டியில் பேட்டரி நான்கே நாளில் இறங்கிவிடுகிறது: காயிலை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

பூப்பாறை ஏலத்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில் எங்களுக்கு 9 ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. மேட்டில் எடுத்த பச்சைக்காயை, அதை உலர்த்தும் ஸ்டோருக்கு இறக்குவதற்காகக் கடந்த பிப்ரவரியில் பழைய ஏடிவி ஒன்றை, அதாவது மேடுபள்ளத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டியை வாங்கினேன். எனக்கு முன்பே இரண்டு பேரிடம் ஓடிய வண்டி அது. எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு நாள் எடுக்காமல் நிறுத்திவிட்டால் ஐந்தாம் நாள் சாவியைத் திருகும்போது ‘டிக் டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது.

முதலில் பேட்டரி பழையது என்று நினைத்து, 14 ஆம்பியர் மணி கொண்ட புதிய சீல்டு பேட்டரி போட்டேன். அதுவும் இரண்டு மாதத்தில் அதே நிலைக்கு வந்துவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தால் 12.7 வோல்ட் காட்டுகிறது. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் 12.1தான் இருக்கிறது. எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் ஓடும்போது 13.1 வருகிறது. கீழே ஒரு பட்டறையில் கேட்டதற்கு, வண்டியைப் பார்க்காமலேயே, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் காயில் போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றார்கள். சாலையில் ஓட்டப் பதிவு இல்லாத வண்டி என்பதால் பிக்கப்பில் ஏற்றித்தான் மலையிறக்க வேண்டும். காயிலின் விலையும் சிறிதல்ல. செலவு செய்வதற்கு முன் நானே எதையெல்லாம் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். என்னிடம் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது.

கம்பம் எலக்ட்ரீஷியன் எழுதியது:

ஐயா, காயிலை இப்போது வாங்க வேண்டாம். காயில் போயிருந்தால் ஓட்டும்போது சார்ஜ் ஏறாது. நிறுத்தி வைத்த வண்டியில் நான்கு நாளில் பேட்டரி இறங்குவதற்கு அது காரணமாகாது. நீங்கள் கொடுத்த கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. 12.7 என்பது நிறைந்த பேட்டரி, 12.1 என்பது பாதிக்கும் கீழே போனது. 14 ஆம்பியர் மணியில் சுமார் 8 தீர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை 96 மணி நேரத்தால் வகுத்தால் 80 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல் வருகிறது. சாவியை எடுத்த பிறகும் ஏதோ ஒன்று இரவும் பகலும் அவ்வளவு கரண்டை இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட வண்டிகளில் நிறுத்தியபின் 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே நான் தேடத் தொடங்கிவிடுவேன்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரை மட்டும் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் நடுவில் மீட்டரை வையுங்கள். வயர் மறுபடி இணையும் அந்த நொடியில் கண்ட்ரோல் யூனிட் விழித்துக்கொண்டு கூடுதலாக இழுக்கும் என்பதால், சில நிமிடம் பொறுத்திருந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் அப்படி இருக்கும்போது தவறியும் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்டை மீட்டரின் பியூஸ் தாங்காது.

பிறகு ஒவ்வொரு பியூஸாக எடுத்து, எதை எடுக்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். எல்லாப் பியூஸையும் எடுத்தும் விழவில்லையென்றால், பியூஸ் பெட்டிக்கு வராமல் நேரே பேட்டரியிலிருந்து போகும் வயர்களைத் தேட வேண்டும். இரண்டு கைமாறிய வண்டியில் விஞ்ச் (கயிறு சுற்றி இழுக்கும் கருவி), எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் என்று யாராவது எதையாவது மாட்டியிருப்பார்கள். கடைசியாக, துடுப்புத் துடுப்பாக இருக்கும் அந்த அலுமினியப் பெட்டி, அதாவது காயில் தரும் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ரெகுலேட்டர் ரெக்டிபையர், அதன் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள். அதற்குள் கரண்டை ஒரே திசையில் விடும் டயோடுகள் இருக்கும்; அவற்றில் ஒன்று கசிந்தால், வண்டி நிற்கும்போது பேட்டரி தலைகீழாக அதன் வழியே வடியும். இதைப் பலர் சோதிப்பதே இல்லை என்பது எனக்கு நீண்டநாள் வருத்தம்.

நெடுங்கண்டம் தோட்டக்காரர் எழுதியது:

மேலே சொன்னது முற்றிலும் சரி. அதோடு, தோட்டத்து ஓட்டத்துக்கே உரிய ஒன்றையும் கவனிக்க வேண்டும். நாம் ஓட்டுவது நடக்கிற வேகத்தில், லோ கியரில். ஐடிலுக்குச் சற்று மேலே இருக்கும் அந்தச் சுற்றில் காயில் தரும் கரண்ட் குறைவு. எங்கள் வண்டியில் இதே தொல்லை வந்தபோது, ரேடியேட்டர் முழுக்கச் செம்மண்ணும் ஏலச்சருகும் அப்பிக்கிடந்தன. காற்று புகாததால் மின்விசிறி நிற்காமல் சுற்றியது, பகலிலும் ஹெட்லைட் எரிந்தது. வந்த கரண்டையெல்லாம் அவை இரண்டுமே தின்றுவிட்டால் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்? உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடு மடங்கிவிடும், கனெக்டருக்குள்ளும் தண்ணீர் ஏறிவிடும்.

குமுளி ஜீப் எழுதியது:

இவ்வளவு தேட வேண்டுமா? நெகட்டிவ் வயரில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிட்டு, மாலையில் அணைத்து வைத்தால் போதும் என்பது என் கருத்து. என் பழைய ஜீப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கம்பம் எலக்ட்ரீஷியன் எழுதியது:

சுவிட்ச் நல்லதுதான் அண்ணாச்சி, நீண்டநாள் நிறுத்தி வைக்கும்போது உதவும். ஆனால் உள்ளே கசிவது ரெகுலேட்டராக இருந்தால், அது கெட்டுக்கொண்டே போய் ஒருநாள் மழைக்குள் மேட்டில் நிறுத்திவிடும். எஞ்சின் ஓடும்போது யாராவது அந்தச் சுவிட்சைத் திருப்பிவிட்டால் வோல்டேஜ் எகிறி மற்ற பாகங்களையும் கெடுக்கலாம். குறையைக் கண்டுபிடித்த பிறகு சுவிட்ச் போடட்டும்.

பூப்பாறை ஏலத்தோட்டம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மழையால் இரண்டு நாள் தள்ளிப்போய், நேற்று ஸ்டோர் தாழ்வாரத்தில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் முதலில் 0.09 காட்டியது, நீங்கள் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வந்ததைக் கண்டு வியந்தேன். எந்தப் பியூஸை எடுத்தும் எண் அசையவில்லை. சீட்டுக்கு அடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு மெல்லிய சிவப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், தீப்பெட்டி அளவில் ஒரு டிராக்கர் பின்சட்டத்தில் கட்டப்பட்டிருந்தது. முந்தைய உரிமையாளர் வைத்தது போலும். அதைக் கழற்றியதும் 0.05 ஆனது. ரெகுலேட்டர் கனெக்டரைப் பிடுங்கியதும் 0.00 என்று விழுந்துவிட்டது. நெஞ்சில் பாதிப் பாரம் இறங்கியது. அந்தக் கனெக்டரின் ஒரு பின் பச்சைக் களிம்பு பிடித்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது.

காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர்களையும் இரண்டிரண்டாக ஓம் அளவில் வைத்தேன். மூன்று முறையும் 0.7 வந்தது, மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டுகிறது என்பதால் அதைக் கழித்துக்கொண்டேன். பாடிக்கும் மஞ்சள் வயர்களுக்கும் இடையே தொடர்பே இல்லை. அப்படியானால் காயில் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ரேடியேட்டரில் ஒரு கூடை மண் இருந்தது, கழுவிவிட்டேன்.

கம்பம் எலக்ட்ரீஷியன் எழுதியது:

மூன்றும் ஒரே அளவு, பாடியில் தொடர்பில்லை என்றால் காயில் மேல் சந்தேகம் வேண்டாம். முழு உறுதி வேண்டுமானால், கனெக்டரைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஓடவிட்டு, அதே மஞ்சள் வயர்களில் ஏசி வோல்டேஜைப் பாருங்கள். மூன்று ஜோடியும் சமமாக இருந்து, ஆக்ஸிலரேட்டர் கூட்டும்போது சேர்ந்து ஏற வேண்டும். வோல்டேஜ் ஏறும் என்பதால் முனைகளைக் கையால் தொடாதீர்கள்.

ரெகுலேட்டரோடு அந்தக் கனெக்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். உருகிய கனெக்டரில் புதிய ரெகுலேட்டரை மாட்டினால் அதுவும் சூடேறி விரைவில் போய்விடும். ரெகுலேட்டர் உட்காரும் இடத்தில் மண்ணைச் சுரண்டி, சட்டத்தோடு நன்றாகப் பொருந்தும்படி முடுக்குங்கள்; அதன் சூடு அந்த வழியாகவும் இறங்க வேண்டும். மாற்றியபின் ஆக்ஸிலரேட்டரைச் சற்றுக் கூட்டி, பேட்டரி முனையில் 14 முதல் 14.5 வோல்ட் வரை வருகிறதா என்று பாருங்கள். பேட்டரியைக் கார் சார்ஜரில் போடாமல், 1.4 ஆம்பியர் அளவில் ஓர் இரவு முழுக்க ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்து சொல்லுங்கள். பலமுறை அடியோடு இறங்கிய பேட்டரி என்பதால், ஸ்டார்ட் செய்யும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும்.