அவசரம்: பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

மாடிக்கொடி:
வணக்கம். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் ஒரு காய்கூட நிற்கவில்லை. பிஞ்சு சுண்டுவிரல் அளவில் இருக்கும்போதே நுனியில் மஞ்சள் தட்டி, சுருங்கி, தொட்டால் கையோடு வந்துவிடுகிறது. இதுவரை 11 போய்விட்டது. யூடியூபில் பார்த்துக் கையால் மகரந்தமும் வைத்தேன், பலனில்லை. எந்த மருந்து நல்லது? சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்மண்காடு:
என்ன கொடி என்று சொல்லவே இல்லையே? பாகலா, புடலையா, பூசணியா? பூ என்ன நிறம்? தொட்டியா, தரையா?

மோர்க்கரைசல்:
எந்தக் கொடியாக இருந்தாலும் தேமோர் (தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) அடியுங்கள். லிட்டருக்கு 50 மில்லி, வாரம் ஒருமுறை. எங்கள் வீட்டில் பூ உதிர்வதே இல்லை.

கரிசல்பூமி:
எனக்குப் பழ ஈ மேல்தான் சந்தேகம். பிஞ்சில் ஊசி குத்தியது போலப் புள்ளியும் பிசினும் இருக்கிறதா? இரண்டாக வெட்டிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அதுதான்.

பந்தல்வாத்தியார்:
இந்தக் கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, நானும் மாதம் ஒருமுறை எழுதுகிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். நீங்கள் பிஞ்சு என்று சொல்வது இன்னும் பிஞ்சே அல்ல. பாகல், புடலை, பூசணி எல்லாம் சேர்ந்த பூசணிக் குடும்பத்தில் பெண் பூவின் சூலகம் இதழுக்குக் கீழே இருக்கும், பூ விரியும் முன்பே குட்டிக் காய் போலத் தெரியும். மகரந்தம் சேர்ந்து கருவுற்றால்தான் அது வளரும். சேராவிட்டால் கொடியே உதிர்த்துவிடும். இது நோயல்ல. நோயில்லாததற்கு எந்த மருந்தைச் சொல்வது?

மாடிக்கொடி:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போச்சு. சுரை, நீளச்சுரை. சென்னை, நாலாவது மாடி, பைகளில் வைத்திருக்கிறேன். விதை போட்டு 60 நாள். வெட்டிப் பார்த்தேன், புழு இல்லை. பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பதரை மணிக்குத்தான் மாடிக்குப் போக முடியும். அப்போதுதான் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறேன்.

செம்மண்காடு:
ஒன்பதரையா! பிரச்சினையே அதுதான், சகோதரி. சுரை சாயங்காலம் பூக்கிற பூ. வெளிச்சம் மங்கும்போது விரிந்து, ராத்திரி அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும். அதனால்தான் அந்த வெள்ளை நிறம். நீங்கள் போகும் நேரத்தில் இதழ் துவண்டு தொங்கியிருக்குமே?

மாடிக்கொடி:
ஆமாம், கசங்கிய துணி மாதிரி இருக்கும். வெயிலால் என்று நினைத்தேன்.

வேலிப்பீர்க்கு:
நான் இதை ஏற்க மாட்டேன். எங்கள் பீர்க்கு விடியற்காலையில்தான் பூக்கிறது. ஆறு மணிக்கெல்லாம் தேனீ மொய்க்கும். சுரைக்கும் அதே நேரம்தான் சரி.

செம்மண்காடு:
உங்கள் காயில் வரம்பு உண்டா, இல்லை வழவழவென்று இருக்குமா?

வேலிப்பீர்க்கு:
வழவழப்புதான். முற்றினால் குளிக்கிற நாராக எடுப்போம்.

செம்மண்காடு:
அப்படியென்றால் அது நுரைபீர்க்கு, காலையில் பூக்கும். வரம்புள்ள பீர்க்கு சாயங்காலம் பூக்கும். புடலை இன்னும் இருட்டிய பிறகு. பூசணியும் பாகலும் விடியற்காலை. ஒரே பந்தலில் ஏற்றினாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம்.

தாவரடீச்சர்:
மாடிக்கொடி, இன்று சாயங்காலம் ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஆண் பூவுக்கு மெலிந்த நீளக் காம்பு. பெண் பூவுக்குக் காம்பு குட்டை, கீழே ரோமம் படர்ந்த குட்டிச் சுரை இருக்கும். அன்று விரிந்த ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிடுங்கள். நடுவில் உள்ள மகரந்தத் தண்டை விரலில் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையா, வேறு பூ எடுங்கள். பெண் பூவின் நடுவில், மகரந்தத்தைப் பிடிக்கும் சூல்முடி மூன்று மடல்களாக இருக்கும். மூன்றிலும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒவ்வொரு விதைக்கும் தனியாக ஒரு மகரந்தத் துகள் குழாய் விட்டு இறங்க வேண்டும். குறைவாகப் பட்டால் காய் ஒருபக்கம் சூம்பிவிடும்.

கரிசல்பூமி:
பக்கத்து மாடியில் பேய்ச்சுரை (கசக்கும் சுரை) இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மகரந்தம் பட்டால் காய் கசந்துவிடும்.

தாவரடீச்சர்:
இந்தக் காய் கசக்காது. நாம் சமைக்கிற சதை தாய்க்கொடியின் சூலகம்தான். மகரந்தத்தில் வரும் இரண்டு விந்தணுக்களில் ஒன்று கருவாகிறது, மற்றொன்று கருவூண், அதாவது விதைக்குள் கருவுக்கான உணவு, உருவாக உதவுகிறது. ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் 1898இலேயே இதைக் கண்டார். அப்பனின் குணம் விதைக்குள்தான் போகும்.

கரிசல்பூமி:
புத்தகம் அப்படிச் சொல்லலாம். எங்கள் தோட்டத்தில் கசந்ததே! நானே தின்று துப்பியிருக்கிறேன்.

தாவரடீச்சர்:
விதை கடையில் வாங்கியதா, வீட்டில் எடுத்ததா?

கரிசல்பூமி:
வீட்டில்தான். முந்தின வருஷத்துக் காயில் எடுத்தது.

தாவரடீச்சர்:
அப்படியானால் கலப்பு முந்தின வருஷமே நடந்திருக்கலாம். விதை முளைத்துக் கொடியான பிறகு கசப்பு காயில் தெரிந்திருக்கிறது. எப்படியானாலும் எல்லோருக்கும் சொல்கிறேன்: சமைக்கும் முன் ஒரு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பே நஞ்சு, வேகவைத்தாலும் போகாது.

மோர்க்கரைசல்:
கேள்வி கேட்டவரைக் காணோமே. தேமோர் அடித்தாரா?

பந்தல்வாத்தியார்:
கசப்புக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி காய் பிடிப்பது பற்றி.

மாடிக்கொடி (9 நாள் கழித்து):
மூன்று பூவுக்கு ராத்திரி ஏழு மணிக்கு, பையன் டார்ச் பிடிக்க, வைத்தேன். இரண்டு நின்றுவிட்டது! ஒன்று சாண் நீளம் இருக்கும். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

செம்மண்காடு:
ரொம்ப சந்தோஷம். ஒரு காயை விதைக்கு விடுவதானால், அதற்கான ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் மதியமே, விரியும் முன், வேறு மகரந்தம் கலக்காதபடி நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். சாயங்காலம் அவிழ்த்து மகரந்தம் வைத்து, பெண் பூவை மறுபடி கட்டிவிட வேண்டும். அப்புறம் பறிக்காமல் விடுங்கள். ஓடு கட்டையாகி, குலுக்கினால் விதை கலகலக்கும்.