மறு: ‘மீன்தாங்கிச் செடி’ என்ற சொல் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மீன்தொட்டி வளர்ப்புக்காக நாம் தொகுக்கும் கலைச்சொற் பட்டியலுக்கு, செடியைச் சேதப்படுத்தும் மீன்களோடு தொட்டியில் வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும் செடிக்கு ‘மீன்தாங்கிச் செடி’ என்று போன வாரம் ஒரு சொல் வந்தது. வறட்சி தாங்கும் பயிர், உவர் தாங்கும் நெல் என்கிறோமே, அந்த வழியில் பிறந்த சொல். வழி சரிதான். ஆனால் திருகோணமலையில் இந்தச் சொல் செல்லாது. இலங்கைத் தமிழில் தாங்கி என்றால் நீரோ எண்ணெயோ நிறைத்து வைக்கும் கலம். கூரைமேல் இருப்பது தண்ணீர்த் தாங்கி. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனவை எண்ணெய்த் தாங்கிகள். ஆகவே மீன்தாங்கிச் செடி என்று நான் இங்கே ஒருவரிடம் சொன்னால், மீன்தொட்டியில் வளரும் ஏதோ ஒரு செடி என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். சொல்ல வந்த பொருளே போய்விடும்.

‘தாங்கி’யில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்: தாங்குசெடி. ஊறுகாய், குடிநீர், சுடுகாடு போல வினைத்தொகை. நேற்றுத் தாங்கிய செடி, இன்று தாங்குகிற செடி, நாளைக்கும் தாங்கும் செடி, எல்லாம் அதற்குள் அடங்கும். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழப்பம் வராது.

இதே செடிக்கு ‘வன்செடி’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், ஆனால் பாதி உண்மைதான். அனுபியாஸ் என்ற தொட்டிச் செடி வன்மையால் பிழைக்கிறது. அதன் இலை தோல் மாதிரித் தடித்தது, பெரும்பாலான மீன்கள் ஒருமுறை கடித்துப் பார்த்து விட்டுவிடும். வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியின் கதை வேறு. அதன் இலை மெல்லிய நாடா. வன்மை என்று ஒன்றுமே அதில் இல்லை. ஆனால் வளர்ச்சி அடியிலிருந்து நடக்கிறது. நுனியைக் கடித்தாலும் நடுக்குருத்திலிருந்து அடுத்த இலை வரும், ஓடிகள், அதாவது கிடையாக ஓடும் தண்டுகள், மண்ணுக்குள் பரவிப் பக்கத்தில் புதுக்கன்று முளைக்கும். கபோம்பா போன்ற தண்டுச்செடிகளுக்கு வளர்முனை உச்சியில் இருக்கிறது, அதைத்தான் மீன் முதலில் கடிக்கும். தடித்துத் தாங்குவதும் துளிர்த்துத் தாங்குவதும் ஆக இரண்டு வகை. தாங்குசெடி இரண்டுக்கும் பொருந்தும்.

அடுத்தது மீனுக்கான சொல். ‘செடிதின்னி மீன்’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நிலாவெளியில் எங்கள் வீட்டில் நாலடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அக்காவின் மகன் இரண்டு ஆஸ்கார் மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டான். விரல் நீளத்தில் வந்தவை ஒரு வருடத்தில் ஒரு சாணைத் தாண்டின. அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் செடிகள் எல்லாம் மேலே மிதக்கின்றன. ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இலையில் ஒரு கடிகூட இல்லை. முட்டையிட இடம் தேடி மணலை வாயால் அள்ளி அள்ளிக் குழி பறித்திருக்கின்றன, அவ்வளவுதான். சில்வர் டாலர் மீன் இதற்கு நேர்மாறு. அது மண்ணைக் கிளறாது, இலையைத்தான் மேயும். தங்கமீன் இரண்டையும் செய்யும்.

வளர்ப்பவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். அதனால் ‘செடிதின்னி’, ‘மண்கிளறி’ என்று இரண்டு சொற்கள் வேண்டும். செடிதின்னி உள்ள தொட்டிக்குத் தடித்த இலை தேடுவோம். மண்கிளறிக்கு இலை எப்படி இருந்தாலும் பரவாயில்லை, வேரைச் சுற்றிக் கனமான கல் அடுக்க வேண்டும், அல்லது செடியை மரக்கட்டையில் கட்ட வேண்டும்.

கட்டுவது என்றதும் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. அனுபியாஸ், ஜாவா பன்னம் (பெரணி) இரண்டின் கிடையான தண்டையும் பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தபடி ‘வேர்த்தண்டுக்கிழங்கு’ என்று எழுதுகிறோம். தாவரவியலில் அது சரியான சொல். ஆனால் கிழங்கு என்று கேட்டவுடன் நம் கை இஞ்சியையும் மஞ்சளையும் நினைத்து மண்ணுக்குள் புதைத்துவிடும். நானும் அப்படித்தான் புதைத்தேன். மூன்று வாரத்தில் தண்டு குழைந்து நாறி, இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. இந்தச் செடிகளின் தண்டு வெளியே, தண்ணீர் படும்படி இருக்க வேண்டும். மீன்வளர்ப்புக் குறிப்புகளிலாவது ‘கிடைத்தண்டு’ என்று எழுதுவோம்.

செடி உயரமானது என்பதையும் கலைச்சொல்லுக்குள் திணிக்க வேண்டியதில்லை. ‘நெடிய தாங்குசெடி’ என்று அடைமொழி போட்டுக்கொள்ளலாம். இரண்டடி உயரத் தொட்டியின் பின்புறத்துக்கு நான் முதலில் சொல்வது பெரிய வகை வலிஸ்னேரியா. இலை ஒரு மீட்டரைத் தாண்டி நீர்ப்பரப்பில் படுத்து ஓடும். எங்கள் வளவுக் கிணறு கொஞ்சம் சவர், அதிலும் நன்றாக நிற்கிறது. அடுத்தது தாய்லாந்துக் கிரைனம். கடற்கரைகளில் வளரும் விஷமூங்கிலின் இனம், வெங்காயம் போன்ற குமிழ், வார்ப்பட்டை போன்ற நீண்ட இலை. விலைதான் கூட. அனுபியாஸ் அவ்வளவு உயராது. கட்டையின் மேற்பாதியில் கட்டினால் உயரம் கிடைத்துவிடும்.

தாங்குசெடிகளின் பட்டியலில் கொட்டியைச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். மூதுரையில் ஆம்பலோடும் நெய்தலோடும் வரும் அதே கொட்டி, அப்போனோகெட்டன் இனம். நம் குளத்துச் செடி, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இலை மென்மை, தங்கமீனுக்கு இரண்டு நாள் தீனி. பட்டியலில் சேர்க்க முடியாது.

கடைசியாக, வலிஸ்னேரியாவுக்குத் தமிழ்ப் பெயராக வந்த ‘நாடாப்பாசி’ என்ற சொல். இங்கே குளத்தில் காலில் சிக்குவதெல்லாம் பாசிதான், கண்ணாடியில் படியும் பச்சையும் பாசிதான். ‘பாசியைச் சுரண்டுங்கள்’ என்று ஒரு வரியும் ‘பாசியை நடுங்கள்’ என்று அடுத்த வரியும் வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? கடற்புல் என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது, வலிஸ்னேரியாவும் கடற்புற்களில் சிலவற்றின் குடும்பம்தான். ‘நாடாப்புல்’ என்று வைக்கலாம். மறுப்பு இருந்தால் பட்டியலை இறுதி செய்வதற்கு முன் எழுதுங்கள். முக்கியமாக, ‘கிடைத்தண்டு’ வேறு துறையில் வேறு பொருளில் வழங்குகிறதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து