விரல் வைத்துச் சீழ்க்கையடித்தால் காற்று மட்டுமே வருகிறது, உதவுங்கள்

குடியாத்தத்துக்காரன்: அனைவருக்கும் வணக்கம். காணொளிகளில் காட்டுகிறபடியே செய்தும் புஸ்ஸென்று காற்றுதான் போகிறது. பொங்கலையொட்டி எங்கள் ஊரில் எருது விடும் விழா நடக்கவிருப்பதால் அதற்குள் பழகியாக வேண்டும். வழி சொல்லுங்கள்.

காட்பாடி மாமா: எந்த விரல்கள், ஒரு கையா இரண்டு கையா, காற்று விரல்களுக்கு நடுவே போகிறதா அல்லது கடைவாய் வழியாகவா என்று எதையுமே சொல்லாமல் வழி கேட்டால் எப்படித் தம்பி?

ஆம்பூர் அன்பு: முன்பற்களுக்கிடையே இடைவெளி உள்ளவர்களுக்கே இது எளிதில் வரும் என்பது என் கருத்து. உங்களுக்கு இடைவெளி உண்டா?

கோட்டை வாசல்: இதே ஐயம் இங்கே பலமுறை விளக்கப்பட்டிருக்கிறது, தேடிப் பார்க்கும் பொறுமை இக்காலப் பிள்ளைகளுக்கு இல்லை. பல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை, ஏனெனில் இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துப் பற்களைப் போர்த்திவிட வேண்டும். அதன்பின் இரு கைகளின் சுட்டுவிரல்களையோ சுண்டுவிரல்களையோ நகங்கள் ஒன்றையொன்று நோக்கும்படி சாய்த்து, முதல் கணு வரை நுழைத்து, நாக்கின் நுனியைப் பின்னோக்கி மடித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். விரல்களைச் சுற்றி உதடு இறுகியிருக்க, நடுவிலுள்ள சிறு சந்து மட்டுமே திறந்திருக்க வேண்டும். அங்கிருந்து பாயும் காற்று கீழுதட்டின் இறுகிய விளிம்பில் மோதும்போதுதான் ஒலி பிறக்கிறது. கேனரித் தீவுகளிலுள்ள லா கோமெராவில் பள்ளத்தாக்குக்கு அக்கரையில் இருப்பவரிடம் சீழ்க்கையாலேயே பேசுகிறார்கள்; யுனெஸ்கோ 2009இல் அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஒற்றை விரலே போதுமானதாக இருக்கிறது.

ஜவ்வாதுமலை அடிவாரம்: லா கோமெரா வரை போவானேன்? எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் யாரும் விளிம்பைப் பற்றிப் படித்ததில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்து முழு வேகத்தில் ஊதினால் தானாக வரும்.

கோட்டை வாசல்: தவறு. இடம் அமையாதபோது எவ்வளவு வேகமாக ஊதினாலும் காற்றுதான் கூடும். மெல்ல ஊதியபடியே நாக்கையும் விரலின் சாய்வையும் சிறிது சிறிதாக மாற்றி, வெறும் புட்டியின் வாயில் ஊதினாற்போன்ற மெல்லிய ஓசை எழும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

ஜவ்வாதுமலை அடிவாரம்: மெல்ல ஊதிக்கொண்டிருந்தால் அடுத்த பொங்கலும் வந்துவிடும் ஐயா.

காட்பாடி மாமா: நீங்கள் இருவரும் வழக்காடுங்கள், கேட்டவரைக் காணோம். தம்பி, விடாமல் ஊதினால் தலை சுற்றும், ஏனென்றால் அளவுக்கு மீறி மூச்சுவிடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். ஆகவே நடுநடுவே நிறுத்தி இளைப்பாறுங்கள். கையைக் கழுவிக்கொள்ளவும் மறவாதீர்கள்.

ஆம்பூர் அன்பு: பல் இடைவெளி பற்றிய என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை.

குடியாத்தத்துக்காரன்: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். நாக்கை மடிக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. காணொளியில் வாய்க்குள் நடப்பது தெரியவில்லை. சுண்டுவிரல்களுக்கு மாறியதும் ஒருமுறை ஒலித்தது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நன்றி.

ஆம்பூர் அன்பு: இடைவெளி?