மூக்குத்திப் பூவுக்கு எத்தனை இதழ்?

பாப்பா: பெரியம்மா, நாளைக்கு பிளஸ் ஒன் பயாலஜி ரெக்கார்டு வைக்கணும். அஞ்சு பூவைப் பார்த்து அதன் தாவரக் குடும்பம் எழுதணும். நம்ம பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைத் தோப்பு வரப்பில் மூக்குத்திப் பூ பறித்தேன். வெள்ளையாக அஞ்சு இதழ், நடுவில் மஞ்சள். சரியா?

பெரியம்மா: அது இதழ் இல்லை கண்ணு. ஒன்றை மட்டும் அடியோடு உருவித் தாளில் வைத்து லென்ஸில் பார்.

பாப்பா: நுனியில் மூன்று பல். அடியில் குட்டிக் குழல். அதிலிருந்து ஒரு நூல் வந்து இரண்டாகப் பிரிகிறது.

பெரியம்மா: அந்த நூல் சூல்தண்டு, பிரிவு சூல்முடி; இரண்டும் பூவின் பெண் உறுப்பு. இதழுக்கு ஏது சூல்முடி? நீ உருவியதே ஒரு முழுப் பெண் பூ! நடுவில் இருக்கும் மஞ்சள் ஒவ்வொன்றும் தனிப் பூ. அதில் அஞ்சு பல், உள்ளே அஞ்சு மகரந்தப்பையும் ஒட்டிக் குழாயாக நிற்கும். இப்படிப் பல குட்டிப் பூக்கள் ஒரே பூப்போலக் கூடி நிற்பதுதான் தலை மஞ்சரி. குடும்பம் அஸ்டரேசியே.

மாமா: அப்போ சூரியகாந்தி?

பெரியம்மா: அதுவும் ஒரு கூட்டம்தான் தம்பி. செவ்வந்தியும் அப்படியே.

பாப்பா: சுற்றிலும் பச்சையாக இருப்பது பூவின் வெளி வட்டமான புல்லிவட்டமா?

பெரியம்மா: இல்லை, அது கூட்டம் முழுவதற்குமான உறை. இந்தச் செடியில் புல்லி என்பது ஒவ்வொரு குட்டிப் பூவின் அடியிலும் இருக்கும் மெல்லிய முடி. விதை காற்றில் பறப்பது அதை வைத்துத்தான். எனக்கு இந்தச் செடியில் ரொம்பப் பிடித்த இடம் அது.

அம்மாயி: கைகால் வெட்டுப்பட்டால் அதன் இலையைத்தான் கசக்கி வைப்போம். வெட்டுக்காயப் பூண்டு.

பெரியம்மா: ஆமாம்மா. பூர்வீகம் என்னவோ அமெரிக்காவின் வெப்பப் பகுதி.

பாப்பா: அடுத்தது தும்பை. அதுவும் வெள்ளை, அதே வரப்பு. அதே குடும்பம்தானே?

பெரியம்மா: நிறத்தை நம்பாதே. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்.

பாப்பா: உருளவில்லை. நாலு பட்டை!

பெரியம்மா: துளசித் தண்டையும் தொட்டுப் பார், அதே பட்டை. இரண்டும் லேமியேசியே. தும்பைக்கு இதழ்கள் இணைந்து மேலுதடு, கீழுதடு என்று இருக்கும். மகரந்தத்தாள் நாலு, இரண்டு நீளம், இரண்டு குட்டை.

அம்மாயி: ஓணத்துக்குப் பூக்களம் போடத் தும்பை வேணும், எல்லாத்தையும் பறிச்சிடாதே சாமி.

பாப்பா: ஒரே கொத்துதான் பறித்தேன் அம்மாயி.

பெரியம்மா: அதில் பூ உதிர்ந்த பழைய புல்லி இருந்தால் உள்ளங்கையில் தட்டு.

பாப்பா: தட்டினேன். கறுப்பாக நாலு விதை விழுந்தது. இன்னொன்றிலும் நாலு. பெரியம்மா, எல்லாவற்றிலும் நாலுதான்!