படபடப்பு வந்தால் மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம்: என் அனுபவம்

அம்மாவுக்கு டயாலிசிஸ் தொடங்கிய பிறகுதான் எனக்கு இது ஆரம்பித்தது. பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், தலை கிறுகிறுக்கும். மாரடைப்பு என்றே நினைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தார்கள், கோளாறு எதுவும் இல்லை. (படபடப்பு உள்ளவர்கள் முதலில் இதைச் செய்துவிடுங்கள். மூச்சுப் பயிற்சி எல்லாம் அப்புறம்தான்.)

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துபோகிறது. விரல் மரத்துப்போவதும் தலைசுற்றலும் அதனால் வருபவை. அவற்றைப் பார்த்து இன்னும் பயம், இன்னும் வேகமான மூச்சு. "மூச்சு பத்தலைன்னு தோணும்மா, ஆனா நீங்க தேவைக்கு மேலதான் மூச்சு விடுறீங்க" என்றார். பக்கத்தில் இருப்பவர்கள் "நல்லா மூச்சை இழு" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு ஏன் அதிகமானது என்று அப்போதுதான் புரிந்தது.

மூளையிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்புதான் இதயத்துக்குப் பிரேக். மூச்சை விடும்போது அதன் பிடி கூடும். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை விட்டுப் பாருங்கள், துடிப்பு சற்று நிதானப்படுவது பலருக்கு விரலிலேயே தெரியும். நான் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுவேன். நெஞ்சு நிறைய இழுப்பதில்லை.

"தைரியமா இரு" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பில் சொல்வதுதான், ஆனால் இதயத்துடிப்பு நம் பேச்சைக் கேட்டுக் குறைவதில்லை. மூச்சோ தானாகவும் நடக்கும், நாம் நினைத்தால் மாற்றவும் முடியும். படபடப்பு உச்சத்தில் இருக்கும்போது இதைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டம் என்பதால், டயாலிசிஸ் அறைக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தில் பழகிக்கொண்டேன். இப்போதும் படபடப்பு வருகிறது, ஆனால் முன்போல் என்னை இழுத்துக்கொண்டு போவதில்லை.

———

அக்கா, அம்மா நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு இதே பயன் ஜெபமாலையில் கிடைத்தது. இரவுப் பணியில் தூக்கம் கெட்டு, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும் நிலையில் இருந்தேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் மாலையில் எல்லோரும் சேர்ந்து சொல்வோம். "அருள் நிறைந்த மரியே" என்று ஒருவர் பாதி சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்வோம். முடியும்போது தோள்பட்டை இறங்கியிருக்கும்.

இத்தாலியில் ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2001இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. லத்தீன் ஜெபமாலை, "ஓம் மணி பத்மே" மந்திரம் இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறையாக இறங்கியிருக்கிறது. நீங்கள் சொல்லும் நான்கும் ஆறும் சேர்ந்தால் பத்து நொடி, அதே கணக்குதான் அக்கா!

ஆனால் அவசரமாகச் சொன்னால் மூச்சு நீளாது. பிரார்த்தனைப் பழக்கம் இல்லாதவர்கள் பிடித்த பாட்டின் நீளமான வரி ஒன்றை ஒரே மூச்சில் மெதுவாகப் பாடிப் பாருங்கள்.